கடலில் தூண்டில் போட ராடு வாங்கப் போறீங்களா? காசை எங்கே போடணும், எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

படகில் போய்த் தூண்டில் போடுவது இப்போது மீனவர்களின் தொழில் மட்டுமல்ல. பலருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நாலைந்து பேர் சேர்ந்து ஃபைபர் படகு ஒன்றை வாடகைக்குப் பேசுகிறார்கள். விடியுமுன் கிளம்பி, மதியம் கரை திரும்புகிறார்கள். இதற்குத் தேவையான முதல் சாமான் ராடு. கடையிலும் ஆன்லைனிலும் ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது, 15 ஆயிரத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி கறுப்பாக, பளபளவென்று இருக்கின்றன. எதை நம்பி வாங்குவது?

தப்பாக வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஓடி, பார் இருக்கும் இடத்தில் நங்கூரம் போட்டு, வெயிலில் காத்திருந்து, கடைசியில் ஒரு பெரிய பாறை மீன் மாட்டும். அப்போது ‘பட்’டென்று ஒரு சத்தம். ராடு இரண்டு துண்டு. அந்த ராடின் விலையைவிட அன்றைய படகு வாடகை பெரும்பாலும் அதிகம். நடுக்கடலில் கடையும் கிடையாது. ஆக, நல்ல ராடு என்றால் விலை உயர்ந்த ராடு அல்ல. படகில் நடக்கும் வேலைக்கு ஏற்ற ராடு.

முதலில் ஒரு கேள்வி: ராடு அவசியம்தானா?

தமிழ்நாட்டுக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகத் தூண்டில் போடுபவர்கள் பலரிடம் ராடே கிடையாது. தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு, முள், இரை. அவ்வளவுதான். கைத்தூண்டிலிலேயே விளை மீனும் கலவாவும் படகு நிறையப் பிடிக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ போகிறவர், படகுக்காரரிடம் ஒரு கைத்தூண்டிலை வாங்கிப் போடுவதே லாபம். நரம்பை மட்டும் விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது; மீன் ஒரு இழு இழுத்தால் தோல் கிழியும்.

அப்படியானால் ராடு எதற்கு? அது ஒரு ஸ்பிரிங். மீன் திடீரென்று வெட்டி இழுக்கும்போது அந்த அதிர்ச்சியை வளைந்து வாங்கிக்கொள்ளும். மீன் தளரும்போது நிமிர்ந்து நரம்பை இறுக்கமாகவே வைத்திருக்கும். நரம்பு அறுவதும் முள் கழன்றுவிடுவதும் இதனால் குறையும். இந்த நிமிர்வைச் சங்கக் கவிஞர் ஒருவரே கவனித்திருக்கிறார். யானை வளைத்துவிட்ட மூங்கில் மேலெழுவதற்குத் தூண்டிலை உவமை சொன்ன அவருக்கு, குறுந்தொகையில் மீனெறி தூண்டிலார் என்பதே பெயராகிவிட்டது. மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிக்க வேண்டும், ஜிக் ஆட்டிப் பிடிக்க வேண்டும் என்றால் ராடு இல்லாமல் நடக்காது.

நீளமா இருந்தா நல்லதா?

கடைக்குப் போகும் புதியவர் செய்யும் முதல் தப்பு இதுதான். கரையில் நின்று அலைக்கு அப்பால் வீசுவதற்கு 10 அடி, 12 அடி ராடு வேண்டும். படகில் வீச வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. மீன் காலுக்குக் கீழே இருக்கிறது. தூண்டிலை நேராக இறக்கி, நேராகத் தூக்க வேண்டும். படகு ராடுகள் 5 முதல் 7 அடி வரை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. ராடின் அடிப்பகுதி இடுப்பில் ஊன்றியிருக்கிறது. அங்கிருந்து 60 செ.மீ. தள்ளி முன்கை பிடித்திருக்கிறது. ராடு படுக்கையாக நீட்டியிருக்க, நுனியில் 3 கிலோ இழுவை. ராடின் நீளம் 210 செ.மீ., அதாவது ஏறத்தாழ 7 அடி என்றால், முன்கை தாங்க வேண்டியது பத்தரை கிலோ. அதே ராடு 165 செ.மீ. நீளம், அதாவது ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவு என்றால், எட்டேகால் கிலோ போதும். ராடு வளைய வளைய இந்தச் சுமை குறையும் என்றாலும் கணக்கின் போக்கு மாறாது. நீளம் கூடினால் மீனுக்குத்தான் நெம்புகோல் லாபம். கால் மணி நேரம் ஒரு சூரையோடு மல்லுக்கட்டியவருக்கு இந்த இரண்டே கால் கிலோ வித்தியாசம் தோளில் தெரியும்.

நாலு பேர் நிற்கும் ஃபைபர் படகில் 10 அடி ராடைச் சுழற்றினால் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கும் ஆபத்து. கரைக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே ராடு என்று யாராவது விற்றால், அது இரண்டுக்கும் ஆகாத ராடாகவே இருக்கும்.

ராடில் எழுதியிருக்கும் 30 பவுண்டு என்பது எதன் எடை?

கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் 15-30 எல்பி, 30-50 எல்பி என்று அச்சிட்டிருப்பார்கள். எல்பி என்றால் பவுண்டு. 30 பவுண்டு மீன் வரைக்கும் தாங்கும் போல என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது மீனின் எடை அல்ல, நரம்பின் வலிமை. எத்தனை பவுண்டில் அறும் நரம்பை இந்த ராடில் போடலாம் என்பதைத்தான் அது சொல்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தண்ணீருக்குள் மீனின் எடை கிட்டத்தட்டத் தெரியாது. அது நீந்தி இழுக்கும் விசை மட்டுமே ராடுக்கு வரும். எனவே 20 பவுண்டு நரம்பில் 20 கிலோ மீனையும் பொறுமையாகக் கொண்டுவரலாம். ஆனால் அதே மீனை ராடாலேயே தண்ணீரிலிருந்து அந்தரத்தில் தூக்கிப் படகுக்குள் போட நினைத்தால் ராடு போச்சு. பெரிய மீனை வலையாலோ நீளப் பிடி போட்ட கொக்கியாலோதான் ஏற்ற வேண்டும்.

ரீலில் இருக்கும் டிராக், அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக், நரம்பின் வலிமையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழகியவர்களின் கணக்கு. 30 பவுண்டு என்பது 13.6 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு நாலரை கிலோ. ராடு தாங்க வேண்டியது இதைத்தான். 15-30 ராடில் 80 பவுண்டு பிரெய்டைச் சுற்றி, டிராக்கையும் முழுசாக இறுக்கிவிட்டால், நரம்புக்குப் பதில் ராடு உடையும். உடைந்த ராடுகளில் பலவற்றின் கதை இதுதான். பழி மட்டும் கம்பெனி மேல் விழும்.

ஜிக் ராடுகளில் பவுண்டுக்குப் பதில் பி.இ. என்று போட்டு ஒரு எண் இருக்கும். ஜப்பானில் பிரெய்டு நரம்பின் தடிமனைக் குறிக்கும் முறை இது. தோராயமாக, பி.இ. 2 என்றால் 30 முதல் 40 பவுண்டு நரம்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அதோடு 60-150 கிராம் என்பது போல இன்னொரு எண் இருந்தால், அது ஜிக்கின் எடை.

கார்பனா, ஃபைபர் கிளாஸா?

விளம்பரத்தில் கார்பனுக்குத்தான் மவுசு. எடை குறைவு, மெல்லிசு, கீழே மீன் இரையைத் தொட்டாலே கைக்குத் தெரியும். எல்லாம் உண்மைதான். ஆனால் படகு என்பது ராடைப் பூ மாதிரி வைத்துக்கொள்ளும் இடம் அல்ல. அலை ஆட்டும். ராடு படகின் விளிம்பில் மோதும். 150 கிராம் ஈயக்குண்டு ஆடி வந்து தண்டில் ‘டிக்’கென்று அடிக்கும். யாராவது மிதிப்பார்கள். கார்பன் தண்டில் இப்படி ஒரு சின்னக் கீறல் விழுந்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, பெரிய மீன் மாட்டும்போது அந்த இடத்தில்தான் முறியும்.

ஃபைபர் கிளாஸ் கனமானது, கொஞ்சம் தொளதொளப்பானது, ஆனால் அடி தாங்கும். 1940களில் அமெரிக்காவில் மூங்கில் ராடுகளை ஓரங்கட்டிவிட்டு இது வந்தது. கிளாஸையும் கிராஃபைட்டையும் கலந்து செய்த அக்லி ஸ்டிக் ராடை ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1976இல் கொண்டுவந்தது. இன்றைக்கும் அந்தப் பெயர் விற்கிறது. காரணம் அழகு அல்ல, பெயரிலேயே அழகு இல்லை. முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்குகிறது என்பதுதான் அதன் பேர். குறைந்த பட்ஜெட்டில் ராடு தேடுபவருக்கு இந்தக் கலப்பு வகையே சரி. 2,500 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘100 சதவீத கார்பன்’ ராடைவிட, அதே விலைக்குக் கிடைக்கும் கலப்பு ராடு படகில் அதிக நாள் இருக்கும்.

24டி, 30டி, 40டி என்றெல்லாம் கார்பன் ராடில் போட்டிருப்பது விறைப்பின் அளவு. வலிமையின் அளவு அல்ல. எண் கூடக்கூட ராடு விறைப்பாகும், மெல்லிசாகும், அடி பட்டால் உடையும் வாய்ப்பும் கூடும். பெரிய எண் என்றால் பெரிய மீன் என்று அர்த்தம் இல்லை.

கார்பனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இது உயிர் சம்பந்தப்பட்டது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தூரத்தில் இடி கேட்டாலே ராடைப் படுக்க வைத்துவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். துறைமுகத்திலோ கழிமுகத்திலோ தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் ராடை நிமிர்த்திப் பிடித்து நடக்கக் கூடாது.

காசு போக வேண்டிய இடம்: வளையங்கள்

கடையில் எல்லோரும் தண்டை வளைத்துப் பார்ப்பார்கள். வளையத்தை யாரும் பார்ப்பதில்லை. விலை குறைந்த ராடுகளில் கம்பெனிகள் கை வைப்பதும் அங்கேதான்.

காரணம், பிரெய்டு நரம்பு. இப்போது கடலில் அதிகம் பயன்படுவது அதுதான். மெல்லிசாக இருக்கும், நீளாது, உப்பையும் மணலையும் இழைகளுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வளையத்தின் மேல் ரம்பம் மாதிரி ஓடும். வெறும் முலாம் பூசிய இரும்பு வளையம் சில பயணங்களிலேயே கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டில் பிரெய்டு பிசிறும். பிசிறிய இடத்தில் அறும். ‘நரம்பு சரியில்லை’ என்று புது நரம்பு வாங்கிப் போடுவார்கள், அதுவும் அறும்.

உள்ளே பீங்கான் போன்ற வளையம் பதித்திருக்க வேண்டும். அலுமினியம் ஆக்சைடு இதில் சிக்கனமானது, போதுமானது. சிலிக்கான் கார்பைடு இன்னும் கடினமானது, வழுவழுப்பானது, விலையும் கூட. ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் வளையங்களுக்குப் பேர்போனது என்பதால் அந்தப் பெயரைப் பெரிசாகப் போட்டு விற்கும் ராடுகள் உண்டு. சில ராடுகளில் முதல் வளையம் மட்டும் நல்லதாக இருக்கும், மற்றவை சாதா ரகமாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், முக்கியமாக நுனி வளையத்தை.

சோதிக்க ஒரு பஞ்சுக் குச்சி போதும், காது குடைவோமே அதுதான். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றினால், வெடிப்போ கோடோ இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். பழைய ராடு வாங்கும்போது இதைச் செய்யாமல் காசு கொடுக்கக் கூடாது.

எண்ணிக்கையும் முக்கியம். நுனியைச் சேர்க்காமல் அடிக்கு ஒரு வளையம் என்பது பழைய கணக்கு. ஆறடி ராடில் நாலே வளையம் இருந்தால் கம்பெனி மிச்சம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வளையம் குறைந்தால் தண்டு சீராக வளையாது, சுமை ஒரே இடத்தில் குவியும்.

எந்த ரீல் என்று முடிவு செய்யாமல் ராடு வாங்கக் கூடாது. ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும்; அதற்கான ராடில் முதல் வளையம் பெரிசாக இருக்கும். டிரம் மாதிரி சுழலும் ஓவர்ஹெட் ரீல் ராடுக்கு மேலே உட்காரும். அதற்கான வளையங்கள் சின்னவை, எண்ணிக்கையில் கூடுதல். ஒன்றுக்கு வாங்கியதில் மற்றொன்றை மாட்டினால் மாட்டும், வேலை செய்யாது. புதியவருக்கு ஸ்பின்னிங் பழக எளிது. ஆழத்தில் கனமான ஈயம் போட்டுப் பிடிப்பவர்கள் பின்னாளில் ஓவர்ஹெட்டுக்கு மாறுவதுண்டு.

அடுத்த இடம்: ரீல் உட்காரும் சீட்

ரீலைத் திருகி இறுக்கும் பகுதிதான் ரீல் சீட். மெல்லிய பிளாஸ்டிக் சீட், நாலு கிலோ இழுவையில் முறுக்கிக்கொள்ளும். சில சமயம் மரை நழுவி ரீல் கையோடு வந்துவிடும். கெட்டியான கிராஃபைட் சீட் படகுக்குப் போதும். அலுமினியம் இன்னும் உறுதி, ஆனால் உப்புத் தண்ணீரைக் கழுவாமல் விட்டால் வெள்ளையாகப் பூத்து மரை இறுகிப்போகும். கடைக்குப் போகும்போது ரீலைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பதே நல்லது. இறுக்கிய பிறகு ரீல் துளிகூட ஆடக் கூடாது.

அடிப்பகுதியில் கூட்டல் குறி மாதிரி வெட்டு இருக்கும் ராடுகள் உண்டு. இடுப்பில் கட்டும் பெல்ட்டிலோ படகில் பொருத்திய குழாயிலோ உட்கார்ந்து, ராடு சுழலாமல் இருக்கத்தான் அது. நம்மூர் ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் அந்தக் குழாய் இருக்காது. அப்போது அந்த வெட்டு வயிற்றைத்தான் பதம் பார்க்கும். ரப்பர் மூடி போட்ட அடிப்பகுதியே வசதி. குழாய் இல்லாத படகில் ராடைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், மீன் ராடோடு போய்விடும். ஒரு கயிற்றால் ரீலைப் படகில் கட்டி வைக்க வேண்டும். பத்து ரூபாய்க் கயிறுதான்.

மடக்கும் ராடு செட் வாங்கலாமா?

ஆன்டெனா மாதிரி உள்ளிழுக்கும் ராடு, ரீல், நரம்பு, முள், பை எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு வரும் செட்டுகள் ஏரிக்கும் குளத்துக்கும் சரி. கடலுக்கு வேண்டாம். ஒவ்வொரு துண்டும் உராய்வால்தான் நிற்கிறது. உப்பும் மணலும் புகுந்தால் இறுகும் அல்லது நழுவும். ஒரு துண்டுக்கு ஒரு வளையம்தான் இருக்க முடியும் என்பதால் வளையமும் குறைவு.

பைக்கில், பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்ற கஷ்டம் நிஜம்தான். ஆறரை அடி என்பது கிட்டத்தட்ட 2 மீட்டர். கைப்பிடியோடு அடிப்பகுதி மட்டும் தனியாகக் கழலும் வகையைத் தேடுவது நல்லது. வளையும் பகுதி ஒரே துண்டாக இருக்கும், எடுத்துப் போகவும் முடியும். நடுவில் இணையும் இரண்டு துண்டு ராடு என்றால், இணைப்பை மாட்டி ஆட்டிப் பார்க்க வேண்டும். ‘கடக் கடக்’ என்றால் வேண்டாம்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

நுனியைத் தரையில் அழுத்தியோ, கையால் பிடித்து வளைத்தோ பார்ப்பது தப்பு. மெல்லிய நுனியில் அப்படிப்பட்ட சுமை கடலில் வராது. நல்ல ராடே உடையலாம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ரீலை மாட்டி, நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, மறுமுனையைக் கொக்கித் தராசில் கட்ட வேண்டும். ஒருவர் தராசைத் தரையோரம் பிடிக்க, ராடைக் கிடையிலிருந்து 45 டிகிரிக்குள் வைத்து மெதுவாக 3 கிலோ வரை இழுத்தால் போதும். தண்டு சீராக வளைகிறதா, எங்காவது ஒரே இடத்தில் மடிகிறதா, ஓவர்ஹெட் ராடு என்றால் நரம்பு தண்டில் உரசுகிறதா என்று தெரிந்துவிடும். அடியிலிருந்து பாதி நீளம் வரை விறைப்பாக நின்று, மேல்பாதி வளைந்தால் படகு வேலைக்குப் பொருத்தம். ஆழத்திலிருந்து மீனைத் தூக்குவது அந்தக் கீழ்ப்பாதிதான்.

மீன் படகுக்கு நேர் கீழே வரும்போது ராடைத் தலைக்கு மேல் நிமிர்த்தி இழுப்பதும், விளிம்பில் ராடைச் சாய்த்து வைத்து இழுப்பதும் எவ்வளவு நல்ல ராடையும் உடைக்கும். முதலாவதில் முழுச் சுமையும் நுனிக்குப் போகிறது. இரண்டாவதில் விளிம்பு தொடும் ஒரே புள்ளிக்குப் போகிறது.

சரி, எதைத்தான் வாங்குறது?

தமிழ்நாட்டுக் கரையோரப் பார்களில் விளை, சங்கரா, நடுத்தரக் கலவா, பாறை, அவ்வப்போது ஒரு சீலா அல்லது வஞ்சிரம் என்று பிடிக்க நினைக்கும் புதியவருக்கு ஒரே ராடு என்றால் இப்படி இருக்கலாம்: ஆறு முதல் ஆறரை அடி, 15-30 அல்லது 20-40 பவுண்டு, கிளாஸ் கலப்பு, பீங்கான் பதித்த ஆறேழு வளையம், கெட்டியான சீட். பெரிய கலவா மட்டுமே குறி என்றால் 30-50 தேவைப்படும், ஏனென்றால் அது மாட்டியதும் பாருக்குள் புகுந்துகொள்ளும். உடனே மேலே இழுக்க வேண்டும். வஞ்சிரமும் சீலாவும் நரம்பைப் பல்லால் நறுக்கிவிடும் என்பதால் முள்ளுக்கு மேல் கொஞ்சம் கம்பி கட்ட வேண்டும். அது ராடின் வேலை அல்ல.

பட்ஜெட் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை முழுக்க ராடில் போடுவது வீண். ராடுக்கு 3,000 முதல் 3,500, ரீலுக்கு 4,500 முதல் 5,000, மீதியில் நரம்பு, முள், ஈயம், ஒரு கொக்கித் தராசு. டிராக் சரியாக இழையும் ரீல் இருந்தால் சுமாரான ராடும் பிழைக்கும். டிராக் திக்கித் திக்கி நரம்பை விடும் ரீல் இருந்தால் எந்த ராடும் தாங்காது. தண்டு உடையாத, வளையம் வெடிக்காத பழைய ராடு பாதி விலைக்குக் கிடைத்தால், புது மலிவு ராடைவிட அதுவே மேல். வளையம் ஒன்றிரண்டு போயிருந்தால் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். தண்டில் கீறல் இருந்தால் விட்டுவிட வேண்டும்.

வாங்கிய பிறகு செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. வீடு வந்ததும் ரீலைக் கழற்றிவிட்டு, ராடை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. ரீல் சீட்டின் மரைக்குள்ளும், வளையத்தின் கால்கள் தண்டைத் தொடும் இடத்திலும்தான் உப்பு உட்கார்ந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவைத்து, செங்குத்தாகவோ படுக்கையாகவோ வைக்கலாம். சுவரில் வளைந்து சாய்ந்தபடி மாதக்கணக்கில் விடக் கூடாது. கிளாஸ் ராடு அப்படியே கோணிப்போகும்.